‘எந்தச் சொல்லில்?’: ஆங்கிலச் சமயக் கவிதையை ஆய்வு நோக்கில் வாசிக்கத் தொடங்குபவருக்கு

முதுகலை முதலாண்டில் ஆங்கிலச் சமயக் கவிதை ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ‘இவ்வரிகளில் கவிஞரின் ஆழ்ந்த பக்தி வெளிப்படுகிறது’ என்று அதில் ஒரு வாக்கியம். நாலு பக்கத்துக்குள் அதையே வேறு வேறு விதமாக ஆறு தடவையாவது சொல்லியிருப்பேன். தாள் திரும்பி வந்தபோது ஆசிரியர் வேறு எதையும் தொடவில்லை. அந்த வாக்கியத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ‘எந்தச் சொல்லில்?’ என்று எழுதியிருந்தார். மதிப்பெண் என்ன என்று கேட்காதீர்கள்.

ரொம்ப நாள் அந்தக் கேள்வி எரிச்சலாகத்தான் இருந்தது. பக்தி கவிதை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, அதை ஒரு சொல்லில் காட்டு என்றால் எப்படி? பிறகு மெதுவாகத்தான் புரிந்தது. கவிஞர் எவ்வளவு பெரிய பக்திமான் என்று அளந்து சொல்ல யாரும் நம்மைக் கேட்கவில்லை. அவர் நம்பியது சரியா என்று தீர்ப்புச் சொல்லவும் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை எந்தச் சொல்லுக்குள் புகுந்து வேலை செய்கிறது என்று விரல் வைத்துக் காட்டினால் போதும். காட்ட முடியாவிட்டால் நாம் எழுதுவது விமர்சனம் ஆகாது, பாராட்டுரை ஆகிவிடும்.

ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கும், படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய் இன்னும் ஆசை விடாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கிறிஸ்தவப் பின்னணி தேவையில்லை. இருந்தால் ஒரு வசதி, ஒரு தொல்லை. இரண்டையும் பிறகு பார்ப்போம்.

சின்னதாக ஒன்றை எடுங்கள்

இந்தத் துறை என்றதும் நிறையப் பேர் மில்டனிடம் போகிறார்கள். ‘பாரடைஸ் லாஸ்ட்’ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. 1667இல் பத்துக் காண்டங்களாக வந்து, 1674இல் பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதைப் பற்றிய விமர்சனமே ஒரு நூலகம் அளவுக்கு இருக்கிறது. முதல் முயற்சிக்கு அது வேண்டாம். இருபது அடிக்குள் முடிகிற ஒரு கவிதையை எடுத்து, அதை மனப்பாடம் ஆகும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜார்ஜ் ஹெர்பர்ட்டைச் சொல்வேன். 1593இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளர், 1624இல் நாடாளுமன்ற உறுப்பினர் என்று மேலே போய்க்கொண்டிருந்தவர், 1630இல் சால்ஸ்பரி பக்கத்தில் பெமர்டன் என்ற சிற்றூரில் பங்குக் குருவானார். மூன்று ஆண்டுகளில் காசநோயில் இறந்தபோது வயது 39. கையெழுத்துப் பிரதியாக நண்பர் நிக்கலஸ் ஃபெர்ரருக்குப் போன கவிதைகள் அதே 1633இல் ‘தி டெம்பிள்’ என்ற பெயரில் கேம்பிரிட்ஜில் அச்சாயின. அந்த நூலின் நடுப்பகுதி ‘தி சர்ச்’. அதன் கடைசிக் கவிதை ‘லவ்’. பதினெட்டே அடி. இந்தக் கட்டுரை முழுக்க அதை வைத்தே பேசப் போகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, கவிதையில் நடப்பதை மதச் சொல் ஒன்றுகூட இல்லாமல் உங்கள் மொழியில் எழுதிப் பார்ப்பது. நான் எழுதினால் இப்படி வரும்:

அன்பு என்று ஒருவர் விருந்துக்குக் கூப்பிடுகிறார். வந்தவன் வாசலிலேயே பின்வாங்குகிறான், மேலெல்லாம் தூசு, செய்த குற்றம் வேறு. அதைக் கவனித்துவிட்ட அன்பு பக்கத்தில் வந்து, ஏதாவது குறைகிறதா என்று இதமாகக் கேட்கிறது. ‘இங்கே இருக்கத் தகுதியுள்ள விருந்தாளி ஒருவன்தான் குறைகிறான்’ என்கிறான். ‘நீதான் அந்த விருந்தாளி.’ ‘நானா? உங்களை ஏறிட்டுப் பார்க்கக்கூட என்னால் முடியாதே.’ அன்பு அவன் கையைப் பிடித்துச் சிரிக்கிறது. ‘அந்தக் கண்ணைச் செய்ததே நான்தானே?’ ‘உண்மைதான், ஆனால் அதை நான் கெடுத்துவிட்டேன்.’ ‘அந்தப் பழியை யார் சுமந்தது என்று தெரியாதா?’ ‘அப்படியானால் நான் பரிமாறவாவது செய்கிறேன்.’ ‘நீ உட்கார், என் உணவைச் சாப்பிடு.’ உட்கார்ந்தான், சாப்பிட்டான்.

இப்படி எழுதினால் ஒன்று தெரிந்துவிடும். இது நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிற உபசார இழுபறி. ‘இருக்கட்டும், வேண்டாம்’ என்கிற விருந்தாளி, விடாமல் இழுக்கிற வீட்டுக்காரர். கடவுள், கிறிஸ்து என்ற இரண்டு சொல்லும் கவிதையில் எங்கும் இல்லை. ‘ஆண்டவரே’ என்ற விளி ஒரே ஒருமுறை வருகிறது. அப்புறம் ஏன் இதைப் படிக்கிற எல்லோரும் சமயக் கவிதை என்கிறார்கள்? இந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆய்வு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பதிப்பு

இணையத்தில் கிடைக்கிற முதல் பிரதியை நம்ப வேண்டாம். எழுத்துக்கூட்டலையும் நிறுத்தக்குறிகளையும் இஷ்டத்துக்கு மாற்றியிருப்பார்கள். எஃப். ஈ. ஹட்சின்சன் 1941இல் கொண்டுவந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு பழைய துணை. இன்று எல்லோரும் எடுப்பது ஹெலன் வில்காக்ஸின் 2007 கேம்பிரிட்ஜ் பதிப்பு. ஒவ்வொரு கவிதைக்கும் முன்னால் அதைப் பற்றி இதுவரை யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கமும் அதில் உண்டு. புதிதாக வருகிறவருக்கு அது ஆறு மாத உழைப்பை மிச்சப்படுத்தும். ஒரு சின்ன உதாரணம்: இந்தக் கவிதைத் தலைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். அது பதிப்பாசிரியர்கள் அடையாளத்துக்காகப் போட்டது. அதைக் கவிஞரே போட்டதாக நினைத்து ‘மூன்று என்பது திரித்துவத்தைக் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுளை) குறிக்கிறது’ என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மேசைமேல் இரண்டு புத்தகம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, இங்கே அவசரப்படாதீர்கள்.

ஒரு புத்தகம் 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள். இன்னொன்றைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்: இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம். 1549இல் முதலில் வந்தது, ஹெர்பர்ட் காலத்தில் புழங்கியது 1559 வடிவம். அவர் கோயிலில் தினமும் வாய்விட்டுச் சொன்னது அதில் இருந்துதான். பைபிளில் உள்ள துதிப்பாடல்களான சங்கீதங்கள் முழுவதையும் காலை மாலையாகப் பங்கிட்டு மாதம் ஒருமுறை முடிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்தச் சங்கீதங்களின் மொழிபெயர்ப்பு கிங் ஜேம்ஸ் பைபிளில் இருப்பது இல்லை. அதற்கு எழுபது ஆண்டுக்கு மேல் முந்திய மைல்ஸ் கவர்டேலின் மொழிபெயர்ப்பு.

இது ஏன் முக்கியம் என்று கவிதையிலேயே பார்ப்போம். ‘ஏதாவது குறைகிறதா’ என்று அன்பு கேட்கும் இடத்தில் ஹெர்பர்ட் போடும் வினைச்சொல் ‘லாக்’ (lack). மிகச் சாதாரணச் சொல். சமயக் கவிதையில் சாதாரணச் சொல் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்ல பழக்கம். 23ஆம் சங்கீதத்தைத் தமிழில் நாம் அறிவோம்: கர்த்தர் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன். கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்தத் ‘தாழ்ச்சி’க்கு ‘வான்ட்’ என்ற சொல். அங்கே தேடினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஜெபப் புத்தகத்தின் கவர்டேல் சங்கீதத்தைத் திறந்தால் ‘லாக்’ அப்படியே இருக்கிறது. அதே சங்கீதத்தில் சில வசனம் தள்ளி, எனக்கு முன்பாக ஒரு மேசையை ஆயத்தம் செய்கிறீர் என்று வருகிறது. விருந்து அங்கேயே தயாராக இருக்கிறது.

இத்தோடு நிறுத்தாமல், இந்தத் தடவை கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே ‘லாக்’ என்று தேடுங்கள். லூக்கா 22ஆம் அதிகாரம் 35ஆம் வசனம் வந்து நிற்கும். பணப்பையும் செருப்பும் இல்லாமல் உங்களை அனுப்பினேனே, ஏதாவது குறைந்ததா என்று இயேசு சீடர்களைக் கேட்கிறார். ஒன்றும் இல்லை என்கிறார்கள் அவர்கள். கவிதையில் இருப்பது கிட்டத்தட்ட அதே சொற்கள். அந்த உரையாடல் நடக்கும் இடம் எது தெரியுமா? கடைசி இராப்போஜனப் பந்தி, சிலுவைக்குப் போகும் முன் இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இரவு உணவு.

இன்னொரு அடுக்கும் உண்டு. ‘என்ன வேணும், என்ன குறையுது’ என்று லண்டன் தெருவில் கடைக்காரர்கள் வாடிக்கையாளரைக் கூவி அழைத்ததும் இதே சொல்லை வைத்துத்தான். அப்படியானால் அந்தக் கேள்வியில் சங்கீதம் இருக்கிறது, கடைசிப் பந்தி இருக்கிறது, கடைத்தெருவும் இருக்கிறது. ஆசிரியர் கேட்ட ‘எந்தச் சொல்லில்?’ என்பதற்கு இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பாருங்கள். ‘உண்மைதான், ஆனால் கண்ணைக் கெடுத்துவிட்டேன்’ என்று விருந்தாளி சொல்லும் இடத்தில் இரண்டு சொல்: ‘ட்ரூத், லார்ட்’. பேச்சு வழக்கு போலத்தான் தெரியும். ஆனால் மத்தேயு 15:27இல் கானானியப் பெண் ஒருத்தி இதே இரண்டு சொல்லைச் சொல்கிறாள். தமிழில் ‘மெய்தான் ஆண்டவரே’. பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று இயேசு மறுத்தபோது, மெய்தான், ஆனால் எஜமானின் மேசையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகள் தின்னுமே என்று அவள் மடக்குகிறாள். ஜெபப் புத்தகத்தைத் திறந்தால், திருவிருந்து, அதாவது அந்தக் கடைசிப் பந்தியின் நினைவாகக் கோயிலில் தரும் அப்பமும் ரசமும், வாங்குவதற்கு முன் சொல்லும் ஜெபத்தில் அதே துணிக்கைகள்: உம்முடைய மேசைக்குக் கீழே சிந்தியதைப் பொறுக்கவும் நாங்கள் தகுதியற்றவர்கள். கவிதையில் நாயும் இல்லை, துணிக்கையும் இல்லை. இரண்டே சொல்லில் அந்தப் பெண்ணும் அவளுடைய பேரமும் மேசைக்கடியில் வந்துவிடுகின்றன. அவள் துணிக்கை கேட்டாள். இவனுக்கு மேசையில் இடமே கிடைக்கிறது.

இந்த வேட்டையில் ஒரு ஆபத்து உண்டு. ருசி கண்டுவிட்டால் எல்லாச் சொல்லிலும் பைபிள் தெரிய ஆரம்பிக்கும். ‘கை’ என்று வந்தால் கூடவே நாற்பது வசனம். அதனால் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். அந்தப் புத்தகம் கவிஞர் கைக்கு எட்டியதா? ஒற்றுமை வெறும் கருத்திலா, அல்லது சொல்லிலும் தொடரிலுமா? அந்த எதிரொலியை எடுத்துவிட்டால் கவிதைக்கு ஏதாவது நஷ்டமா? மூன்றாவதற்குப் பதில் ‘இல்லை’ என்றால் எவ்வளவு அழகான கண்டுபிடிப்பாக இருந்தாலும் குறிப்பேட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தமிழ் பைபிளை வைத்துக்கொண்டு மட்டும் இந்தப் படியைச் செய்ய முடியாது. கதை தெரிந்துகொள்ள அது போதும், சொல்லின் தடம் பிடிக்க ஆங்கிலம்தான் வேண்டும். கத்தோலிக்க நூல்களில் சங்கீத எண்கள் சில இடங்களில் ஒன்று குறையலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹாப்கின்ஸ் மாதிரி ஒரு இயேசுசபைக் குருவின் கவிதைக்குப் போகும்போது மேசைமேல் இருக்கும் புத்தகங்களையே மாற்ற வேண்டியிருக்கும்: இலத்தீன் பூசை நூல், இயேசுசபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள்.

அகராதி

கடைசிக்கு முந்தைய அடியில் அன்பு தரும் உணவு ‘மீட்’. இன்றைய பொருளில் கறி என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது உணவு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். காலவாரியாகப் பொருள் தரும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான் இதற்கு வேண்டும். கல்லூரி நூலகத்தில் இணைய அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தத் திருச்சபை, எந்த ஆண்டு?

‘கிறிஸ்தவக் கொள்கைப்படி’ என்று தொடங்கும் வாக்கியம் அநேகமாகத் தவறாகத்தான் முடியும். எந்தக் கிறிஸ்தவம்? கவிஞர் ஜான் டன் 1572இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து 1615இல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவானவர். ஹாப்கின்ஸ் எதிர்த்திசையில் போய் 1866இல் கத்தோலிக்கரானவர். மில்டன் எழுதியதாகக் கருதப்படும் இலத்தீன் இறையியல் நூல் 1823இல் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் திரித்துவத்தையே அவர் வழக்கமான முறையில் ஏற்கவில்லை என்று தெரிந்ததும் பழைய விளக்கங்கள் பல ஆட்டம் கண்டன. நம் ஊரில் ‘இந்து தத்துவப்படி’ என்று ஒருவர் எழுதினால் சைவ சித்தாந்தமா, விசிஷ்டாத்வைதமா என்று கேட்போம் இல்லையா, அதே கேள்விதான் இங்கேயும்.

இதற்காக இறையியல் முழுவதும் படிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. உங்கள் கவிதை எழுதப்பட்ட பத்து இருபது ஆண்டுகளில் மக்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று தெரிந்தால் போதும். நம் கவிதையில் அந்தச் சண்டை ‘உட்கார்’ என்ற சொல்லில் இருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையில் திருவிருந்தை முழங்காலிட்டுத்தான் வாங்க வேண்டும். 1604ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், முழங்காலிடாதவருக்குக் கொடுக்கக்கூடாது என்று குருமாருக்கே கட்டளையிட்டது. திருச்சபையில் சீர்திருத்தம் போதாது என்று நினைத்த பியூரிட்டன்கள் இதை எதிர்த்தார்கள். முழங்காலிட்டால் அப்பத்தை வணங்குவது போல ஆகும், சீடர்கள் பந்தியில் அமர்ந்துதானே சாப்பிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். 1618இல் ஸ்காட்லாந்துக்கும் முழங்காலிடுதல் கட்டாயமாக்கப்பட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இந்தப் பின்னணியில் ஆங்கிலிக்கன் குரு ஒருவர் எழுதிய விருந்துக் கவிதை ‘உட்கார்ந்தேன், சாப்பிட்டேன்’ என்று முடிகிறது. என்ன செய்கிறார் அவர்? பியூரிட்டன் பக்கம் சாய்ந்துவிட்டாரா?

இந்த மாதிரி இடத்தில் ஊகம் செய்யாமல் அதே ஆள் உரைநடையில் என்ன எழுதினார் என்று பாருங்கள். கிராமத்துக் குரு எப்படி இருக்க வேண்டும் என்று ஹெர்பர்ட் எழுதிய ஒரு சிறுநூல் அவர் இறந்தபின் 1652இல் வெளிவந்தது. திருவிருந்து பற்றிய அத்தியாயத்தில் இதையே பேசுகிறார்: விருந்து என்பதால் அது உட்காரச் சொல்கிறது, மனிதன் ஆயத்தமில்லாதவன் என்பதால் அவன் நிலை முழங்காலிடச் சொல்கிறது. வருகிறவனுக்கு விருந்தாளியின் தைரியம் இருக்கிறது, முழங்காலிடுகிறவன் தான் தகுதியற்ற விருந்தாளி என்று ஒப்புக்கொள்கிறான்.

இப்போது கவிதைக்குத் திரும்புங்கள். பதினேழு அடிவரை விருந்தாளி பேசுவதெல்லாம் முழங்காலின் மொழி: தகுதியில்லை, பார்க்க முடியாது, வெட்கம், பரிமாறுகிறேன். கடைசி அடியில் மட்டும் உடம்பு உட்காருகிறது. கோயிலில் கிடைக்காத இருக்கை அது. மறுமையின் விருந்தில் எஜமானே இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு வேலைக்காரர்களைப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவான் என்று லூக்கா 12:37 சொல்வதை இதோடு சேர்த்துப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அந்தக் கடைசி அடி ஆறே ஆறு ஓரசைச் சொற்களால் ஆனது என்பதையும் கவனிக்கச் சொல்வேன். அவ்வளவு நேரம் சாக்குச் சொன்ன வாய்க்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

விமர்சகர்களிடம் எப்போது போவது

இவ்வளவும் செய்த பிறகு. முன்னாடியே போனால் அவர்கள் கண்ணால்தான் கவிதையைப் பார்ப்பீர்கள், பிறகு அதைக் கழற்றுவது கஷ்டம்.

எல்லோரையும் படிக்க முயல வேண்டாம். ஒரு நல்ல சண்டையைப் பிடியுங்கள். ஹெர்பர்ட் விஷயத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. 1930இல் வில்லியம் எம்ப்சன் என்ற ஆங்கில விமர்சகர், அப்போது அவருக்கு வயது இருபத்து நாலு, கவிதையில் பலபொருள் தன்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏழு வகை சொன்னார். ஏழாவது, தீர்க்க முடியாத முரண். அதற்குக் கடைசி உதாரணமாக ஹெர்பர்ட்டின் ‘தி சாக்ரிஃபைஸ்’ கவிதையை எடுத்தார். சிலுவையில் தொங்கும் கிறிஸ்து பேசும் நீண்ட கவிதை அது. மனிதன் கனியைத் திருடினான், மரமேறுவது நானா என்று ஓரிடம் வரும். எம்ப்சனுக்கு அதில் ஆப்பிள் திருட மரமேறும் ஒரு சிறுவன் தெரிந்தான். கிறிஸ்துவே குற்றவாளியாகவும் பலியாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறார் என்று வாசித்தார்.

இருபது ஆண்டு கழித்து ரோஸ்மண்ட் டூவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பதில் எழுதினார், 1952இல் அதை நூலாகவும் விரித்தார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: நீங்கள் ஹெர்பர்ட்டின் மன ஆழத்தில் கண்டெடுத்ததாக நினைக்கும் முரண்கள் எல்லாம் நூற்றாண்டுகளாகப் புனித வெள்ளி வழிபாட்டில் பாடப்பட்டவை. என் மக்களே, நான் உங்களுக்கு என்ன தீங்கு செய்தேன் என்று கிறிஸ்து முறையிடும் பாடல்கள், சிலுவையை மரம் என்றே சொல்லும் இடைக்கால வழக்கு, இவற்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் புனித வெள்ளியன்று ‘சிலுவை மரம் இதோ’ என்று பாடக் கேட்டவர்களுக்கு டூவ் சொல்வது உடனே பிடிபடும். முன்பு வசதி என்று சொன்னேனே, அது இதுதான்.

எம்ப்சன் விடவில்லை. மரபில் இருந்தால் மட்டும் முரண் மறைந்துவிடுமா என்பது அவருடைய எதிர்க்கேள்வி. எனக்குக் கேட்டால், தகவலில் டூவ் வென்றார், கேள்வியில் எம்ப்சன் இன்னும் நிற்கிறார். எதிரொலியின் மூலத்தைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது இந்தத் துறையின் நிரந்தர நோய். மூலத்தைச் சொன்ன பிறகு, அதைக் கவிஞர் என்ன செய்தார் என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்த தலைமுறைச் சண்டையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லூயி மார்ட்ஸ் 1954இல், இந்தக் கவிதைகளின் வடிவம் கத்தோலிக்கத் தியான முறையிலிருந்து வந்தது என்றார். பார்பரா லுவால்ஸ்கி 1979இல், இல்லை, பைபிளை மையமாகக் கொண்ட புராட்டஸ்டண்ட் கவிதையியல்தான் அடிப்படை என்றார். ரிச்சர்ட் ஸ்ட்ரையர் 1983இல், செயலால் அல்ல அருளால்தான் மீட்பு என்ற சீர்திருத்தக் கொள்கையை ஒவ்வொரு கவிதையிலும் தேடினார். அவர் வழியில் பார்த்தால் நம் விருந்தாளியின் பணிவே ஒருவகைப் பிடிவாதம்: இலவசமாக வாங்க மனம் வரவில்லை, பரிமாறியாவது கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறான். மைக்கேல் ஷோன்ஃபெல்ட் 1991இல் அதே உபசாரத்தில் அரசவை அதிகாரத்தையும் காமத்தின் சாயலையும் கண்டார். பதினெட்டு அடிக்கு இத்தனை பேர். இவர்களில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, இருவரும் கவனிக்காத ஒரு சொல்லை நீங்கள் கொண்டுவந்தால் அது கட்டுரை.

வாழ்க்கை வரலாறுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஹெர்பர்ட்டைப் புனிதராக நாம் கற்பனை செய்வதற்கு முக்கியக் காரணம் ஐசக் வால்டன் எழுதிய வரலாறு. அது 1670இல் வந்தது, கவிஞர் இறந்து 37 ஆண்டு கழித்து. வால்டன் அவரோடு பழகியவர் அல்ல. அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ‘வால்டன் சொல்வதன்படி’ என்று சேர்ப்பது நல்லது.

உங்கள் நம்பிக்கையை என்ன செய்வது

மறைக்க வேண்டாம், சாட்சியாகவும் நிறுத்த வேண்டாம். மில்டனைப் பற்றி 1942இல் விசுவாசியான சி. எஸ். லூயிஸ் எழுதினார். 1961இல் கிறிஸ்தவத்தையே வெறுத்த எம்ப்சன், மில்டனின் கடவுள் கெட்டவர், அதனால்தான் காவியம் நன்றாக இருக்கிறது என்று ஒரு முழு நூல் எழுதினார். இரண்டும் இன்றும் படிக்கப்படுகின்றன. இருவரும் வரியைக் காட்டித்தான் பேசினார்கள். பிறகு 1967இல் ஸ்டான்லி ஃபிஷ் என்ற விமர்சகர் வந்து, அந்தக் காவியத்தின் சாத்தானிடம் நீங்கள் மயங்குவதே கவிதை உங்களுக்கு வைத்த பரீட்சை என்று இருவரையும் ஒரே வலையில் பிடிக்கப் பார்த்தார். அது கொஞ்சம் சாமர்த்தியம் கூடிய பதில் என்பது என் அபிப்பிராயம்.

விசுவாசியாக இருப்பதன் தொல்லை, நமக்குப் பழகிய பொருளைக் கவிதையில் இருப்பதாகவே எண்ணிக்கொள்வது. விசுவாசி அல்லாதவரின் தொல்லை, கொள்கையை வெறும் அலங்காரமாக நினைத்துத் தாண்டிப் போவது. சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் கடும் தலைவலி வரும்போதெல்லாம் இந்தக் கவிதையைத்தான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் அழகிய கவிதை என்று நினைத்துச் சொன்னது ஜெபமாகிவிட்டது, கிறிஸ்துவே வந்து தன்னைப் பற்றிக்கொண்டார் என்று 1942இல் ஒரு குருவுக்குக் கடிதம் எழுதினார். மனதை உலுக்கும் விஷயம்தான். ஆனால் அது அந்தக் கவிதைக்கு ஒரு வாசகரிடம் நடந்தது. கவிதையின் பொருள் இதுதான் என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டக்கூடாது. கட்டுரையில் அதற்கு இடம் உண்டு, வாசிப்பு வரலாறு என்ற தலைப்பின் கீழ்.

தமிழ் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு சபலம் இருக்கிறது. ‘தகுதியற்றவன்’ என்று படித்ததும் மாணிக்கவாசகரின் ‘நாயேன்’ நினைவுக்கு வரும். வரட்டும். ஆனால் ‘இரண்டிலும் பக்தி ஒன்றே’ என்று எழுதினால் பழையபடி என் முதல் கட்டுரைக்குப் போய்விடுவீர்கள். கானானியப் பெண் நாய் என்ற சொல்லை எடுத்துப் பேரம் பேசுகிறாள், வாதத்தில் ஜெயிக்கிறாள். திருவாசகத்தில் அது பேரமே இல்லை, தன்னை முழுதாகத் தாழ்த்திக்கொள்வது. வேறுபாட்டிலிருந்து தொடங்கினால்தான் ஒப்பீடு எங்காவது போய்ச் சேரும்.

எழுத உட்காரும்போது

தலைப்பைக் குறுக்குங்கள். ‘ஹெர்பர்ட் கவிதைகளில் ஆன்மிகம்’ என்பது ஆயுள் முழுக்க எழுதினாலும் தீராது. ‘லவ் கவிதையில் உட்காருதல்’ என்றால் பத்துப் பக்கத்தில் முடிக்கலாம். முதல் பத்தியில் கவிஞரின் பிறப்பு, ஊர், படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு சொல்லையும் அது கிளப்பும் சிக்கலையும் வைத்துத் தொடங்குங்கள். கவிதையை மேற்கோள் காட்டும்போது அடி எண், பைபிளுக்கு அதிகாரம், வசனம், எந்த மொழிபெயர்ப்பு என்பது, ஜெபப் புத்தகத்துக்கு எந்த ஆண்டு வடிவம் என்பது. இவற்றைப் படிக்கும்போதே குறித்துவையுங்கள். கடைசி ராத்திரியில் தேடினால் கிடைக்காது, எனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

எழுதி முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து, பக்தி, ஆன்மிகம், தெய்விகம், ஆழ்ந்த, உன்னத என்ற சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தக் கேள்வியை எழுதுங்கள். பதில் சொல்ல முடியாத வட்டங்களை அடித்துவிடுங்கள். கட்டுரை பாதியாகும், பயப்பட வேண்டாம்.

அடுத்த கவிதையாக அதே நூலில் இருக்கும் ‘தி காலர்’ கவிதையை எடுத்துக்கொள்ளலாம். கோபத்தில் ஒருவன் கத்தும் கவிதை, 36 அடி. இனி முடியாது, நான் வெளியே போகிறேன் என்று குதிக்கிறான். முதல் அடியிலேயே எதையோ ஓங்கி அடிக்கிறான். அது ‘போர்ட்’ என்று இருக்கும். அகராதியையும் ஜெபப் புத்தகத்தின் 1549 வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் அடித்தது என்ன பலகை என்று முதலில் பாருங்கள்.